உளுந்துக்கு மேலே நாலு விரல்

1

என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை என்பது போன வாரம் உறுதியாகிவிட்டது.

குடவாசலுக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் ஒரு ஊர். அப்பா அடுத்தவர் வயலில் நின்று கூலி வாங்கியவர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் பிடித்துக்கொண்டேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்ததுதான். அங்கிருந்து சிங்கப்பூர், கப்பல் கட்டும் இடம். அங்கிருந்து ஆஸ்திரேலியா. இங்கிலீஷ் பரீட்சை என்னைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்தது. கடைசியில் நான் அதைக் கவிழ்த்தேன்.

அப்பா கூலிக்கு நின்ற அதே வயலில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், என் பெயரில் வாங்கினேன். ஊரில் மாடி வீடு கட்டினேன். அதன் கேட், ஜன்னல் கம்பி எல்லாம் லீவில் வந்தபோது நானே பற்றவைத்தவை. பேருந்து நிற்கும் இடத்தில் நிழற்குடை போட்டேன். அதில் என் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது, அதைப் பற்றிப் புகார் இல்லை. இங்கே ஆஸ்திரேலியாவில், கோதுமையும் ஆடும் தவிர வேறு எதையும் பார்த்திராத ஒரு சின்ன ஊரில், கடன் வாங்கிய பழைய டிராக்டரோடு தொடங்கினேன். இன்று சொந்தப் பட்டறை இருக்கிறது. சாலை ஓரப் புல் வெட்டும் வேலைக்கு வெள்ளைக்காரர்கள் என் வாசலுக்கு வருகிறார்கள். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் கூடும் மண்டபத்தின் இரும்புக் கூரை என் கைவேலை. சூறைக்காற்று அடித்தபோது பக்கத்துக் கட்டிடத்தின் கூரை பறந்தது. என்னுடையது அசையவில்லை.

இப்படிப்பட்ட ஆளை நம்மூர்ச் செய்தித்தாள் ஒன்று போன வாரம் எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? "வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் உதவி செய்தார்."

உறவினர் ஒருவர். பெயர் இல்லை. ஊர் இல்லை. விஷயம் என்னவென்றால், அந்த ஒன்பது மாவில் முளைத்த உளுந்தைக் காப்பாற்றிய விஷயம். அந்த வயல் என் வயல். அந்த மெஷின் நான் வாங்கி அனுப்பிய மெஷின். போனில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது கையில் இருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. வலி இரண்டு நாளில் போய்விட்டது. இன்னொன்று போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் படிக்கட்டும்.

2

மெஷினைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அப்போதுதான் நான் செய்தது என்ன என்று புரியும்.

இங்கே என் தொழில் புல் வெட்டுவது. சிரிக்க வேண்டாம். இந்த நாட்டில் கோடைக்காலத்துப் புல் என்பது தீக்குச்சி. ஒரு பொறி விழுந்தால் ஊரே ஓட வேண்டும். அதனால் கோடைக்கு முன்னாலேயே கவுன்சிலில் இருந்து நோட்டீஸ் வரும்: உன் நிலத்துப் புல்லை வெட்டு, வெட்டாவிட்டால் நாங்கள் ஆளை விட்டு வெட்டிவிட்டு உன்னிடம் வசூலிப்போம். நோட்டீஸ் வந்தவன் எனக்குப் போன் செய்வான். நான் போய் வெட்டுவேன்.

ஒரு வருஷம் அந்த நோட்டீஸ் எனக்கே வந்தது. ஊரார் நிலத்தை எல்லாம் வெட்டிவிட்டு என் பட்டறைக்குப் பின்னால் இருந்ததை விட்டுவைத்திருந்தேன். கீழே கையெழுத்தைப் பார்த்தேன். என் மகள். கவுன்சிலில் அவளுக்கு அந்தப் பிரிவில்தான் வேலை. கயல்விழி என்று நான் வைத்த பெயரை அங்கே "கே" என்று ஒற்றை எழுத்தாக்கி வைத்திருக்கிறாள்.

"ஏம்மா, அப்பனுக்கே நோட்டீஸா?"

"சிஸ்டம் அனுப்புதுப்பா. நான் அனுப்பல."

"கீழ உன் பேரு இருக்கே."

"எல்லார் நோட்டீஸ்லயும் என் பேருதான் இருக்கும். புல்ல வெட்டிடுங்க, ப்ளீஸ்."

அந்த ப்ளீஸ் என்பதை அவள் ஆபீசில் வருகிறவர்களிடம் சொல்வது போலவே சொன்னாள். அன்றைக்கே வெட்டினேன். அவளே வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள். காப்பி குடிக்கக்கூட உட்காரவில்லை. டியூட்டியில் இருக்கிறாளாம்.

தொழில் தொடங்கிய புதிதில் இன்னொரு கூத்து. வேலை தருகிற கம்பெனியில் இருந்து ஒரு அம்மாள் போனில் கேட்டாள், உன்னிடம் இன்சூரன்ஸ் இல்லையா என்று. நான் யெஸ் என்றேன். நம் ஊரில் ஆமாம் என்றால், ஆமாம் இல்லை என்றுதான் அர்த்தம். அவள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டாள். அதைச் சரிசெய்ய நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமில்லை. அன்றிலிருந்து இல்லையா என்று யார் கேட்டாலும் முழு வாக்கியமாகவே பதில் சொல்கிறேன். வீட்டில் என் மனைவி சாப்பாடு வேண்டாமா என்று கேட்டாலும் அப்படித்தான்.

புல் வெட்டும் மெஷினில் இரண்டு ஜாதி. ஒன்று ஸ்லாஷர். அடியில் இரண்டு பெரிய கத்தி, மின்விசிறி மாதிரி படுத்த வாக்கில் சுற்றும். விலை குறைவு. ஆனால் கல்லைத் தூக்கி வீசும். வெட்டின புல்லைக் கற்றை கற்றையாகப் போட்டுவிட்டுப் போகும். இன்னொன்று பிளெயில் மோவர். நம்மூர் டீலர்கள் மல்ச்சர் என்கிறார்கள். இதில் குறுக்கே ஓர் உருண்டைத் தண்டு. அதைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கத்திகள், கொக்கியில் தொங்குகிற மாதிரி. தண்டு வேகமாகச் சுற்றும்போது கத்திகள் விறைத்து நிற்கும். கல்லில் பட்டால் ஒடியாமல் மடங்கிக்கொண்டு பின்னால் போய், திரும்ப விறைக்கும். புல்லை, சருகை, குச்சியைத் தூளாக்கி அங்கேயே பரப்பும்.

வாங்குகிறவர்கள் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளட்டும். டிராக்டரின் பின்சக்கரம் இரண்டையும் மூடுகிற அகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் மிதித்த புல் நிமிர்ந்து நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். டிராக்டருக்கு இழுக்கச் சக்தி இருக்கிறதா என்று பார்க்காமல் பெரியதாக வாங்கக் கூடாது. வெறும் புல்லுக்கு Y போல இருக்கும் மெல்லிய கத்தி போதும். கருவைக் கன்றும் நாணலும் வெட்ட வேண்டுமென்றால் சுத்தியல் போலக் கனமான, வாய் அகன்ற கத்தி. பேரிங்குக்குத் தினமும் கிரீஸ். பெல்ட் தளர்ந்தால் எரியும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு கத்தி உடைந்தால் அதை மட்டும் மாற்றக் கூடாது. எதிர்ப்பக்கத்துக் கத்தியையும் சேர்த்து, இரண்டும் ஒரே எடையில் மாற்ற வேண்டும். தண்டு ஒரு பக்கம் கனத்தால் மெஷின் பேயாக ஆடும்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஊரில் என் ஒன்பது மாவைச் சாகுபடி செய்கிறவள் என் தங்கை வசந்தா. அவள் புருஷன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். வயல் முழுக்க அவள் பொறுப்பு. அவளுக்காகவும் ஊருக்காகவும் டீலரிடம் சொல்லி ஒரு மல்ச்சர் அனுப்பினேன். வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கும் நாணலையும் கருவையையும் நினைத்து, கனமான சுத்தியல் கத்தி வகையாகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தது. ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் குணசேகரன் அதை ஓட்டுவதாக ஏற்பாடு. முறைக்கு எனக்கு மாப்பிள்ளை.

முதல் தடவை வாய்க்கால் கரை சவரம் பண்ணின மாதிரி ஆனது. வீடியோ அனுப்பினார்கள். இங்கே பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அடுத்த வருஷம் குணசேகரன் போன் செய்தான்.

"மாமா, ஆடுது மாமா."

"என்னடா ஆடுது?"

"மெஷின் ஆடுனா பரவால்ல. டிராக்டரே ஆடுது. சீட்டுல ஒக்காந்தா பல்லு கிட்டிக்கிது."

"பேரிங்குக்குக் கிரீஸ் அடிச்சியா?"

"அடிச்சேன்."

"ஷாஃப்ட் கோணலா மாட்டியிருக்கியா?"

"கோணலும் இல்ல ஒண்ணும் இல்ல. இது நம்ம மண்ணுக்கு ஒத்து வராது மாமா. ஆஸ்திரேலியா மண்ணுல ஓட்டி ஓட்டி ஒங்களுக்கு அந்த நெனப்பு."

ஒரு வருஷமாக இதே பேச்சு. வீடியோவில் பெல்ட்டைக் காட்டச் சொன்னேன், கியர் பாக்ஸைக் காட்டச் சொன்னேன். மூடியைத் தூக்கித் தண்டைக் காட்டு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம். ஊருக்குள் மெஷின் ராசியில்லை என்று பேச்சாகிவிட்டது. ராசி இல்லாதது மெஷினா, அனுப்பினவனா என்று டீக்கடையில் பட்டிமன்றம் நடந்ததாகவும் கேள்வி.

4

இந்தத் தையில் ஊருக்குப் போனேன். பையை வைத்துவிட்டு நேராக மெஷினைத்தான் பார்க்கப் போனேன். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றது. அதில் ஓர் ஆடு கட்டியிருந்தது. மேலே போர்வை காய்ந்தது. அதெல்லாம் பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டு, குனிந்து பின்பக்கத்து மூடியைத் தூக்கினேன்.

ஒரு பக்கம் முழுக்கக் கத்திகளே இல்லை. வெறும் கொக்கிகள், பல் விழுந்த வாய் மாதிரி. மறுபக்கம் எல்லாக் கத்தியும் துருவேறி அப்படியே தொங்குகிறது.

இத்தனை வருஷத்தில் முழு மெஷினைத் திருடுகிறவனைப் பார்த்திருக்கிறேன். டயரைத் திருடினவனைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக் கத்தியை மட்டும் கழற்றின திருடனைப் பார்த்ததில்லை.

குணசேகரனைக் கூப்பிட்டேன்.

"கத்தி எங்கடா?"

குனிந்து பார்த்தான். "ஏன் மாமா, இந்தப் பக்கமும் கத்தி இருக்கணுமா?"

அவனை விட்டுவிட்டு வசந்தா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். கத்தரிச் செடிக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்த சந்தோஷத்தில் எழுந்து வந்தாள். கையில் களைக்கொத்து. மூங்கில் பிடி. நுனியில் என் சுத்தியல் கத்தி.

"வாண்ணே. எப்ப வந்த? மெலிஞ்சு போயிட்டியே."

"கையில என்னா அது?"

"களைக்கொத்து."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"ஒன் மெஷினுதான். சும்மா கெடந்துச்சே. பருத்திக்குக் களை கொத்த ஆளுக்கு ஒண்ணு கழட்டிக் குடுத்தேன். நல்ல இரும்புண்ணே. தீட்டவே வேணாம்."

"ஒரு பக்கம் மட்டும் ஏன் கழட்டின?"

"இந்தப் பக்கம் போல்ட்டு லேசா வந்துச்சு. அந்தப் பக்கம் துரு புடிச்சுக் கெடந்துச்சு, வரல. வுட்டுட்டேன்."

ஒரு வருஷம் பெல்ட், கிரீஸ், கோணல் என்று நான் ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்டது இந்தத் துருவுக்காக. பருத்திக்குக் களை வந்தால் நல்ல இரும்பைத் தேடுவார்கள், கொட்டகையில் நல்ல இரும்பு கிடக்கிறது, எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் யாரும் இதைத் திருட்டு என்று நினைக்க மாட்டார்கள். ரிப்பேர் என்றும் நினைக்க மாட்டார்கள். நான் திண்டாடிப்போய் அங்கே வைக்கோல் போரில் சாய்ந்துவிட்டேன். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மோர் குடித்து முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். வேறு ஏதோ இருந்தது.

"என்னா புள்ள?"

"வயலுக்கு வாண்ணே. காட்டுறேன்."

5

நம் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நெல் நிற்கும்போதே, அதற்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். மண்ணில் இருக்கும் ஈரத்தில் அது முளைக்கும். நெல்லை அறுத்தால் அடியில் உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, பனியிலேயே வளர்ந்து காய்க்கும். கையால் அறுத்த காலத்தில் இதில் சிக்கலே இல்லை. இப்போது மெஷின் அறுக்கிறது. மெஷின் கதிரைத் தின்றுவிட்டு வைக்கோலைப் பின்னால் ஒரே வரிசையாகக் கொட்டிக்கொண்டு போகும். அந்த வரிசைக்கு அடியில் இருக்கும் உளுந்துக்கு வெளிச்சம் இல்லை. சீக்கிரம் வைக்கோலை எடுத்தால் பிழைக்கும். எடுக்காவிட்டால் வெளுத்து அழுகும்.

நான் வந்ததற்கு நாலைந்து நாள் முன்னால் அறுப்பு முடிந்திருந்தது. வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற மெஷின் வரவில்லை. ஊர் ஊராக ஒரே சமயத்தில் அறுப்பு. அந்த மெஷின் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே மன்னார்குடிப் பக்கம் போய்விட்டது. கையால் அள்ள ஆளைக் கூப்பிட்டால் ஆள் இல்லை. வசந்தா குனிந்து வைக்கோலை விலக்கிக் காட்டினாள். அடியில் உளுந்து மஞ்சளாக, கழுத்து நீண்டு, வெளிச்சத்தைத் தேடிக் கோணிக்கொண்டு நின்றது.

"நெல்லு மழையில சாஞ்சு பாதி பதராப் போச்சுண்ணே. இந்த வருஷம் இதுதான். இதும் போச்சுன்னா அடுத்த சாகுபடிக்கு நான் வயல்ல எறங்க மாட்டேன். குத்தகைக்கு எவனுக்காவது வுட்டுடு."

அவள் அழவில்லை. அந்த வயலில் எங்கள் வீட்டு ஆள் இறங்காவிட்டால், நான் எதற்கு அதை வாங்கினேன்?

"மெஷின ஓட்டுறேன். வைக்கோலத் தூளாக்கிப் பரப்பிடும். வெளிச்சம் எறங்கும்" என்றேன்.

"எந்த மெஷின? ஆடுமே, அதையா?"

வேலை தொடங்கியது. முதலில் கத்திகளைத் திரும்ப வாங்க வேண்டும். வசந்தா வீடு வீடாகப் போனாள். பெண்கள் களைக்கொத்தோடு வந்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "குடுத்துட்டுத் திரும்பக் கேக்குறது நல்லாவா இருக்கு, வெளிநாட்டுக்காரரே" என்றாள் ஒருத்தி. பாதிதான் வந்தது. மீதி எங்கே போனதென்று தெரியவில்லை. வந்தவையும் ஒவ்வொன்றும் ஒரு தேய்மானம்.

எடை பார்க்காமல் மாட்ட முடியாது. கூத்தாநல்லூரில் இருந்து வந்து நம்மூரில் மளிகைக் கடை போட்டிருக்கும் பாயிடம் போனேன். எலெக்ட்ரானிக் தராசு. வெங்காயத்தை இறக்கச் சொல்லிவிட்டுக் கத்தியை வைத்தேன்.

"அண்ணே, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்தான் உண்டு. பரவால்லையா?"

"பாய், ஒரே எடையில ஜோடி ஜோடியா வேணும். பேசாம இரு."

"பொண்ணு பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க."

ஜோடி சேர்த்தேன். கனமானதை அரத்தால் ராவி மற்றதோடு சமமாக்கினேன். துருப்பிடித்த பக்கத்துப் போல்ட்டுகளைச் சூடு காட்டிக் கழற்றி, அங்கிருந்து அதிகப்படியை எடுத்து, தண்டு முழுக்க எதிரும் புதிருமாக இடம் விட்டு மாட்டினேன். கத்தி குறைவுதான். குறைந்தாலும் சமமாக இருந்தால் ஆடாது. ஆடி ஆடி ஒரு பேரிங் செத்துப்போயிருந்தது. குணசேகரன் வண்டியை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய் வாங்கி வந்தான். திரும்பி வந்தவன் தானே அதற்குக் கிரீஸ் தடவிக் கொடுத்தான். மெஷின் நம் மண்ணுக்கு ஒத்து வராது என்று சொன்னவன் அல்லவா.

ஓட்டிப் பார்த்தோம். தம்ளர் நிறையத் தண்ணீரை மெஷின் மேல் வைத்தேன். சிந்தவில்லை. இதற்கு நான் கைதட்டு எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்தது.

சண்டை வந்தது அதற்குப் பிறகுதான். பிளெயில் மோவருக்குப் பின்னால் நீளவாக்கில் ஓர் இரும்பு உருளை இருக்கும். மெஷினின் மொத்தக் கனமும் அதன் மேல் உட்கார்ந்துதான் உருளும். வெட்டுகிற உயரத்தை அதுதான் தீர்மானிக்கும். வெட்டு உயரமாக இருக்கட்டும் என்று நான் அதைக் கீழ்த் துளையில் மாட்டிக்கொண்டிருந்தேன். வசந்தா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, அது என்னா?"

"உருளை. அதுமேலதான் மெஷின் போவும்."

"எதுமேல போவும்?"

"தரைமேல."

"தரைமேல என்னா இருக்கு?"

தரைமேல் உளுந்து இருக்கிறது.

"கழட்டுண்ணே அத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருளை இல்லாமல் இந்த மெஷினை ஓட்டுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒருவன் அப்படி ஓட்டினால் அவனுக்கு வேலையே கொடுக்க மாட்டார்கள். குணசேகரனின் டிராக்டர் லிஃப்ட் வேறு பழசு. தூக்கி வைத்தால் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உருளையும் இல்லாமல் இறங்கினால் கத்தி உளுந்தையும் மண்ணையும் சேர்த்துத் தின்னும். இதையெல்லாம் கத்திச் சொன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீதான் வெல்டராச்சே. தொங்க வுடு" என்றாள்.

தொங்க விட்டேன். கிணற்றில் மோட்டார் இறக்குகிற சங்கிலி ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தது. இரண்டாக வெட்டி, டிராக்டர் முதுகில் ஒரு பட்டை, மெஷின் தலையில் ஒரு பட்டை பற்றவைத்து, இரண்டு பக்கமும் மாட்டினேன். லிஃப்ட் இறங்கினாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நீளம்? வசந்தா உளுந்தின் தலைமேல் தன் கையைக் குறுக்கே, விரலுக்கு மேல் விரலாக வைத்தாள். நாலு விரல் உயரம். "இதுக்கு மேல கத்தி போவட்டும்." நான் என் கையை வைத்துப் பார்த்தேன். என் விரல் வெல்டிங் வேலையில் தடித்தது. அவள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி தன் கையை வைத்தாள். அந்தக் கணக்குக்குச் சங்கிலிக் கண்ணியைப் பற்றவைத்தேன்.

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். அறுத்த மெஷினின் செயின் சக்கரம் மிதித்த தடத்தில் உளுந்து ஏற்கெனவே செத்துவிட்டது. வைக்கோல் வரிசை அந்த இரண்டு தடத்துக்கும் நடுவில் கிடக்கிறது. "அந்தத் தடத்துலயே டயர வுடு. புதுசா எதையும் மிதிக்காத."

ஓட்டத் தயாரானபோது எனக்கு அடுத்த அதிர்ச்சி. ஊரே மெஷினுக்குப் பின்னால் வந்து நின்றது, தேர் பார்க்கிற மாதிரி. கல் பறந்தால் உயிர் போகும். ஆஸ்திரேலியாவில் நான் வெட்டுகிற இடத்தில் கண்ணுக்கெட்டின தூரம் ஆள் இருக்கக் கூடாது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லோரும் ரோட்டுக்குப் போனால்தான் வண்டி எடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பெரிய இவரு என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

முதல் வரிசை நான் ஓட்டினேன். பாதியில் வைக்கோல் அடைத்தது. கீழே நின்ற குணசேகரன், தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அதை இழுக்கக் கையை நீட்டினான். நான் போட்ட சத்தம் குடவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, தண்டு முழுசாக நின்ற பிறகு அவன் கையைப் பிடித்து அவனுக்கே காட்டினேன். "இந்தக் கை வேணுமா, வேணாமா?" "வேணும் மாமா" என்றான். அதற்குப் பிறகு அவன் சாவியைத் தொடாமல் எதையும் தொடவில்லை.

வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தேன். வசந்தா தடத்தில் குந்தியிருந்தாள். தூளான வைக்கோலைக் கையால் மெல்ல விலக்கினாள். நகர்ந்து இன்னோர் இடத்தில் விலக்கினாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த படபடப்பு, இங்கிலீஷ் பரீட்சை ரிசல்ட்டுக்கும் இருந்ததில்லை. அவள் நிமிராமலே கையை மட்டும் தூக்கி, போ போ என்று ஆட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் ஒன்பது மாவும் முடிந்தது. மறுநாள் பக்கத்து வயல்காரர் வந்து குணசேகரனிடம் மெஷினைக் கேட்டார். ராசியில்லாத மெஷினை.

6

நான் திரும்பி வந்துவிட்டேன். இங்கே கோடை முடிந்து இலை உதிர்கிற காலம். பங்குனியில் வசந்தா படம் அனுப்பினாள். உளுந்து கறுத்துக் காய்த்து நின்றது. தூள் வைக்கோல் ஈரத்தைப் பிடித்து வைத்ததில் மற்ற வயல்களைவிடக் காய் அதிகம் என்றாள். அடுத்து வேளாண்மை ஆபீசில் இருந்து பார்க்க வந்தார்களாம். அவர்களோடு செய்தித்தாள்காரரும் வந்தாராம். போன வாரம் அது அச்சில் வந்துவிட்டது. வசந்தா சங்கிலிமேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் சங்கிலி. கீழே: உருளையைக் கழற்றி உளுந்தைக் காத்த பெண் விவசாயி. கடைசி வரியில் அந்த உறவினர் ஒருவர்.

மகளிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. படித்துக் காட்டி, இங்கிலீஷில் அர்த்தமும் சொன்னேன்.

"ரிலேட்டிவ்னா கரெக்ட்தானேப்பா? நீங்க அத்தைக்கு ரிலேட்டிவ்தானே?"

அவள் நோட்டீஸில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்.

வசந்தாவுக்குப் போன் போட்டேன்.

"ஏன் புள்ள, என் பேரு ஒனக்கு மறந்து போச்சா?"

"சொன்னேண்ணே. கலியமூர்த்தின்னு எங்க அண்ணன், ஆஸ்திரேலியாவுல இருக்காருன்னேன்."

"அப்பறம்?"

"அப்ப அவரு விவசாயி இல்லையான்னு அந்தத் தம்பி கேட்டுச்சு."

"நீ என்னா சொன்ன?"

கோழி கூவுவது கேட்டது.

"நான் என்னாண்ணே சொல்றது. அங்க புல்லு வெட்டுறாருன்னு சொல்லவா? ஒனக்குத்தான் அசிங்கம்னு பாத்தேன். ஒறவுக்காரருன்னு போட்டுக்கன்னுட்டேன்."

செய்தித்தாள்காரர் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னவள் அவள். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நான் புல் வெட்டுவது அசிங்கம் என்று என் தங்கைக்கு யார் சொன்னது? அந்தப் புல்லில் வந்ததுதான் அந்த ஒன்பது மா. அந்தப் புல்லில் கற்றதுதான் கத்தியை ஜோடி சேர்த்தது.

"அசிங்கம் இல்ல புள்ள" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

7

ஆகவே, சம்பந்தப்பட்டவர்கள் கவனத்துக்கு.

செய்தித்தாள்காரர் திருத்தம் போட வேண்டும். "உறவினர் ஒருவர்" என்பதை அடித்துவிட்டுக் கலியமூர்த்தி என்று போடட்டும். தொழில் என்ற இடத்தில் புல் வெட்டுகிறவர் என்றே எழுதட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. விவசாயியா இல்லையா என்று கேட்டால், உளுந்து பிழைக்குமா என்று அந்தத் தடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்று எழுதட்டும்.

குணசேகரனுக்கு: மெஷினின் பின்மூடியில் பெயிண்ட் அடித்து "வசந்தா முறை" என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். எழுது. உருளையைக் கழற்றச் சொன்னது அவள். தடத்திலேயே டயரை விடச் சொன்னது அவள். இதை எந்தச் சபையிலும் நானே சொல்வேன். ஆனால் அதற்குக் கீழே இடம் விடு. அங்கே என்ன எழுத வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் பத்தவில்லை என்று சொல்லக் கூடாது.

நாலு விரல் வசந்தாவுடையது. சங்கிலி கலியமூர்த்தியுடையது.